அச்சேறும் வரை அயராதிருக்க

நம்மில் பலருடைய வீட்டுப் பரணிலோ பீரோவிலோ ஒரு நோட்டுக் கட்டு இருக்கும். "ஒரு நாவல் எழுத ஆரம்பிச்சேன், பாதியில நிக்குது" என்பார் வீட்டுக்காரர். சிலர் முழுதாக எழுதி முடித்துப் பதிப்பகத்துக்கும் அனுப்பியிருப்பார்கள். எட்டு மாதமாகியும் பதில் வந்திருக்காது. "சரி, நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். இப்படி மூடி வைப்பதால் யாருக்கு நஷ்டம்? எழுதியவருக்கு மட்டும்தானா?

ஊக்கம் எங்கே குறைகிறது என்று முதலில் பார்ப்போம். நாவல் எழுதுவது ஒரு வேலை; அதை அச்சேற்றுவது இன்னொரு வேலை. முன்னது நம் கையில் இருக்கிறது. பின்னது பிறர் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்பவர், தபால்காரர் வராத நாளெல்லாம் எழுதாமல் இருந்துவிடுகிறார்.

பதிப்பகத்தின் மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. தமிழ்ப் பதிப்பகங்களில் பல, ஓரிருவர் மட்டுமே உட்கார்ந்து படித்துத் தேர்வு செய்யும் சிறிய நிறுவனங்கள். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் அச்சு வேலையே அவர்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும். நவம்பரில் போய்ச் சேரும் கைப்பிரதியைப் பிரித்துப் பார்க்கவும் நேரம் இருக்காது. ஆகவே மௌனம் என்பது தீர்ப்பு அல்ல. அனுப்புகிறவர் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் அனுப்பலாம். மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாம். அதில் தவறே இல்லை.

மறுப்பு வந்தாலும் மனம் உடைய வேண்டியதில்லை. மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஆர்.கே. நாராயணின் முதல் நாவலை லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். அலுத்துப்போன அவர், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவிடம், கைப்பிரதியில் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி சொல்லிவிட்டார். நண்பரோ அதை கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய முயற்சியால் 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. விற்பனை சொற்பம். 1937-இலும் 1938-இலும் வந்த அடுத்த இரு நாவல்களையும் வேறு வேறு பதிப்பகங்கள்தான் வெளியிட்டன. ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். கிரீன் போன்ற ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம். அடுத்த நாவலைத் தொடங்குவது நம் முயற்சி.

"தமிழ்நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்துட்டோம், இங்க உட்கார்ந்து என்னத்த எழுதறது?" என்று கேட்பவர்களும் உண்டு. செகந்திராபாத்தில் வளர்ந்த அசோகமித்திரன் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1948-ஆம் ஆண்டு ஐதராபாத் நிகழ்வுகளை வைத்து அவர் எழுதிய '18வது அட்சக்கோடு' 1977-இல்தான் நூலாக வந்தது. திருவனந்தபுரத்தில் மின்வாரியப் பொறியாளராக இருந்த நீல பத்மநாபன் 1968-இல் 'தலைமுறைகள்' தந்தார். பம்பாயில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே நாஞ்சில் நாடன் 1977-இல் 'தலைகீழ் விகிதங்கள்' வெளியிட்டார். பிழைப்பு தேடி பம்பாய் போகும் இளைஞனின் கதையான 'மிதவை'யும் அவர் எழுதியதே. வெளியூர் வாழ்க்கை இவர்களுக்குத் தடையாக இல்லை. எழுதுவதற்கான சரக்காகவும் அமைந்தது. "எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது" என்பவர்களுக்கும் வழி உண்டு. மலையாள வழியில் படித்த தோப்பில் முகமது மீரான், தமிழ் நாவலாசிரியராகி 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்.

இனி, நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, தினசரிக் கணக்கு. ஒரு நாளைக்கு 200 சொற்கள், வருடத்தில் 300 நாட்கள். மொத்தம் 60,000 சொற்கள். நல்லதொரு நாவலுக்குப் போதும். 200 சொல் எழுத ஆபீஸ் போகும் மின்சார ரயிலே போதும், இப்போது போனிலேயே தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது, கைப்பிரதியை அனுப்பிய மறுநாளே அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். காத்திருக்கும் காலம் வேலைக்காலமாகிவிட்டால், மறுப்புக் கடிதம் வந்தாலும் அவ்வளவாக வலிக்காது.

மூன்றாவது, பதிப்பகம் ஒன்றே வாசல் அல்ல. கைப்பிரதிப் போட்டிகளைக் கவனியுங்கள். ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' 1990-இல் அகிலன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்று வெளிவந்ததே. சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள், பெயர் பழகட்டும்.

நான்காவது, சொந்தமாக வெளியிடுவது. முன்பு ஆயிரம் பிரதி அடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்க வேண்டியிருந்தது. இன்று தேவைக்கேற்ப 50 பிரதிகூட அச்சிடலாம். நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் "பணம் கட்டுங்க, உங்களைப் பெரிய எழுத்தாளர் ஆக்கிடறோம்" என்பவர்களிடம் ஜாக்கிரதை. எத்தனை பிரதி, விற்பனை யார் பொறுப்பு, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, முதல் வாசகர். வீட்டில் உள்ளவர்கள் "நல்லாருக்கு" என்பார்கள், அது அன்பு. "இந்த அத்தியாயம் இழுக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒருவர் வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, நாலைந்து பேர், ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டால், எழுதாமல் வர வெட்கப்பட்டே எழுதிவிடுவோம். இதற்கு நம் சங்கத்தின் ஓர் அறையும் ஒரு பானை காப்பியும் போதும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாத்தா எந்த ரயிலில் வந்து இறங்கினார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், பாட்டி அயல்மொழி பேசும் காய்கறிக்காரரிடம் எப்படிப் பேரம் பேசினாள்? இவையெல்லாம் அரசாங்க ஆவணத்தில் இருக்காது. நம் பேரப்பிள்ளைகள் என்றாவது தேடினால், மொழிபெயர்ப்பிலாவது படிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டாமா? பரணில் உள்ள நோட்டைக் கரையான் அரித்தால், நஷ்டம் அவர்களுக்கும்தான். இந்த மலரைப் படித்து முடித்த கையோடு அந்தக் கட்டை இறக்கித் தூசு தட்டுங்கள். இன்றைக்கு 200 சொற்கள் மட்டும் எழுதுங்கள். நாளைக்கு வேண்டியதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.