கடையின் மின்னஞ்சலைக் கிளவுடுக்கு மாற்றுவது எப்படி?

மளிகைக் கடையானாலும் மொத்த வியாபார மண்டியானாலும், கம்பெனி விலைப்பட்டியல், கொள்முதல் பில், வங்கிக் கணக்கு விவரம், ஜி.எஸ்.டி. அறிவிப்பு எல்லாம் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. அந்த மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறது என்பதை வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பல கடைகளில் கணக்கர் தம் பெயரில் தொடங்கிய இலவச முகவரியே கடையின் முகவரியாக இருந்து வருகிறது. பில் ஃபைல்களோ கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. கணக்கர் விலகினாலோ, ஹார்டு டிஸ்க் பழுதானாலோ வியாபாரம் அன்றே முடங்கிவிடும்.

இதற்கு வழியாகச் சொல்லப்படும் 'கிளவுடு' என்பது ஒரு வாடகைக் கிடங்கு. நம் கடிதங்களும் ஃபைல்களும் ஒரு நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கும். இன்டர்நெட் வழியாக எங்கிருந்தும் பார்க்கலாம். கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஒர்க்பிளேஸ் ஆகியவை இவ்வகைச் சேவைகள். பொதுவாக ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. கடையில் முகவரி தேவைப்படுபவர் இருவர் என்றால் இருவருக்குக் கட்டினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். 2023-24 ஆண்டறிக்கைக்குக் கெடு 31.12.2024. ஆகவே அவ்வாண்டுக் கணக்கு 31.12.2030 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு இருந்தால் காலம் இன்னும் நீளலாம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் மறுபிரதியும் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. 'கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது' என்பது அதிகாரியிடம் செல்லுபடியாகும் பதில் அல்ல.

முதலில் சொந்தப் பெயர்

கிடங்கைப் பார்ப்பதற்கு முன் கடைக்கென்று ஒரு 'டொமைன்' பெயரை உரிமையாளர் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் பெயரில் பதிவு செய்ய விடக்கூடாது. பெயர் நம்முடையதாக இருந்தால் நாளை கிடங்கை மாற்றினாலும் முகவரி மாறாது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025இல் செய்தி வந்தது. இடம் மாறினாலும் அரசின் டொமைன் பெயர்கள் மாறவில்லை.

மாற்றும் முறை

1. நாள் குறித்தல்: ஜி.எஸ்.டி.ஆர்.-1க்கு 11ஆம் தேதி, 3பி-க்கு 20ஆம் தேதி என்று மாதக் கணக்கு தருபவர்கள், 20 தாண்டி ஒரு விடுமுறை நாளை வைத்துக்கொள்ளவும். தீபாவளி, பொங்கல் நேரத்தில் வேண்டாம்.

2. கணக்கெடுத்தல்: எந்தெந்த முகவரி, யாரிடம் பாஸ்வேர்டு, எத்தனை ஜி.பி. என்று பட்டியல் எழுதவும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 50 ஜி.பி. ஏற்ற 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

3. நகல் எடுத்தல்: பழைய கடிதங்களைப் புதிய இடத்துக்கு நகலாகக் கொண்டு செல்லவும். பழையதை உடனே அழிக்க வேண்டாம்.

4. திசை மாற்றுதல்: கடிதங்கள் எங்கே வந்து இறங்க வேண்டும் என்று காட்டும் 'எம்.எக்ஸ்.' பதிவை டொமைனில் மாற்ற வேண்டும். ஓரிரு நாள் சில கடிதங்கள் பழைய இடத்துக்கே போகலாம், இரண்டையும் பார்க்கவும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளையும் போடச் சொல்லவும். இல்லாவிட்டால் நாம் அனுப்பும் பில் 'ஸ்பேம்' பகுதிக்குப் போய்விடலாம்.

5. பதிவுகளைத் திருத்துதல்: இலவச முகவரியிலிருந்து சொந்த முகவரிக்கு வருபவர்கள் ஜி.எஸ்.டி., வருமான வரி, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கி அனைத்திலும் புதிய முகவரியைப் பதிய வேண்டும். ஓ.டி.பி. அங்கேதான் வரும். பழைய முகவரியைச் சில மாதம் மூடாமல், வரும் கடிதங்களைப் புதியதற்குத் திருப்பிவிடவும்.

6. பூட்டு: தலைமைப் பாஸ்வேர்டு உரிமையாளரிடம் இருக்கட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம். ஆள் விலகும் நாளிலேயே அவர் கணக்கை நிறுத்தவும்.

கணக்கு சாஃப்ட்வேரின் ஃபைல்களில் கவனம் தேவை. வேலை நடந்துகொண்டிருக்கும் ஃபோல்டரைக் கிளவுடோடு நேராக இணைத்தால் தகவல் கெட வாய்ப்பு உண்டு. இரவு கடை மூடும்போது 'பேக்கப்' எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் ஏற்றுவதே நல்லது.

கிளவுடும் எரியும்

கிளவுடில் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேர்த்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' கிடங்கில் 858 டெராபைட் அழிந்தது. வெளியே மறுபிரதி இல்லாததே காரணம். ஓர் அரசுக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? மாதம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வீட்டில் வைப்பது செலவு குறைந்த காப்பீடு. அந்த நகல் திறக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்கவும்.

இன்னொரு எச்சரிக்கை. முகவரி மாறும் நேரம் மோசடிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்' என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது. நம் புதிய முகவரியையும் வாடிக்கையாளர்களிடம் போனிலோ நேரிலோ சொல்லிவிடவும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும்.

சரக்கு போனால் மறுபடி வாங்கிக் கொள்ளலாம். ஆறு ஆண்டுக் கணக்கு போனால் எந்த மண்டியிலும் வாங்க முடியாது. வணிகப் பெருமக்கள் இம்மாத இறுதிக்குள் முதல் வேலையாக, கடையின் மின்னஞ்சல் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.