ஏரித் தண்ணீர் வானிலிருந்து எப்படித் தெரிகிறது?

786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சென்டினல்-2 செயற்கைக்கோளுக்கு, ஏரியில் எது தண்ணீர், எது சீமைக்கருவேலம் என்று எப்படித் தெரிகிறது? கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளிதான் காட்டிக்கொடுக்கிறது. தண்ணீர் அதை விழுங்கிவிடும். படத்தில் கறுப்பாக விழும். பச்சை இலைக்குள்ளோ செல் சுவர்களிலும் காற்றறைகளிலும் பட்டுச் சிதறி, பெருமளவு வெளியே திரும்பிவிடும், பளிச்சென்று தெரியும். படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். கறுப்புப் புள்ளிகளை எண்ணினால் நீர்ப்பரப்பு வந்துவிடும்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரியில்தான் சிக்கல். அடியில் ஆள் மூழ்கும் தண்ணீர் இருந்தாலும் மேலிருந்து பார்த்தால் வயல்போல வெறும் பச்சை. அதனால்தான் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவியோடு கரையெல்லாம் நடந்து, படத்தைப் புள்ளி புள்ளியாகச் சரிபார்க்கிறார்கள். அந்த நடையை மிச்சப்படுத்திய வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.