மலைக்கன்று பந்தயத்துக்கு ஓடுமா?
குறைந்த செலவில் விடும் காளை வளர்ப்பு

பொங்கல் முடிந்த கையோடு ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களில் தெருவின் இருபுறமும் சவுக்குக் கம்புகள் ஏறிவிடும். தெருவில் மண் கொட்டிப் பரப்புவார்கள். ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிட, மறுமுனைக் கோட்டை அது எத்தனை நொடியில் தாண்டுகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிப்பார்கள். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டில் திமிலை அணைக்க வேண்டும்; கிருஷ்ணகிரிப் பக்கம் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க வேண்டும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் எருது விடும் விழாவில் காளையை யாரும் தொடக்கூடாது. ஓட்டமும் நேரமும்தான் கணக்கு. நொடியில் ஒரு சிறு பங்கு குறைந்ததற்காகப் பரிசு கைமாறிப் போவதும் உண்டு.

இதைப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பும் இளைஞர்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம கன்னுக்குட்டியை விடலாமா டாக்டர் சார்?" விடலாம். எப்படி, எவ்வளவு செலவில் என்பதில்தான் குடும்பத்தின் இரண்டு வருடச் சேமிப்பு அடங்கியிருக்கிறது.

பெயர் எடுத்த காளையை விலைக்கு வாங்க நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. போன வருடம் முதல் பரிசு வாங்கிய காளை என்று சொல்லிக் கேட்கும் விலையில் ஒரு ஏழைக் குடும்பம் மாட்டுக் கொட்டகையே கட்டிவிடலாம். நகையை அடகு வைத்து அப்படி வாங்கிய காளை அடுத்த வருடமும் அதே வேகத்தில் ஓடும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். காளைக்கு வயது ஏறும், குளம்பு தேயும், பழகிய ஆள் மாறினால் மிரளும். வாடகை வண்டி ஓட்டத் தெரியாதவர் பந்தயக் கார் வாங்கிய கதைதான் அது.

கையில் காசு குறைவாக உள்ளவர் கன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்தக் கன்று?

தமிழ்நாட்டின் நாட்டு மாட்டு இனங்கள் என்று காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் ஆகிய ஐந்தும் சொல்லப்படுகின்றன. இவற்றில் ஆலம்பாடிக்குப் பூர்வீகம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி. பர்கூர் இனம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்து மலைகளைச் சேர்ந்தது. செவலையில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. நடையும் ஓட்டமும் சுறுசுறுப்பு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் பட்டி போட்டு வளர்க்கும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இனப்பெயர் எதுவும் கிடையாது. உருவம் சிறியது. ஆனால் கல்லிலும் சரிவிலும் மேய்ந்து வளர்ந்த உடம்பு என்பதால் குளம்பு கெட்டி, மூச்சு நீளம். பட்டியிலேயே இருக்கும் நல்ல கன்றை விட்டுவிட்டுச் சந்தைக்கு ஓட வேண்டியதில்லை.

ஒரு வயதுக் கன்றாகப் பாருங்கள். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு பின்கால்களும் நேராக இருக்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் உரசிக்கொள்ளும் கன்று வேண்டாம். நெஞ்சு அகலம், வயிறு ஒட்டியது, வால் மெல்லியது, குளம்பின் இரு பிளவும் சமம் என்று இருப்பது நல்லது. பத்துப் பதினைந்து அடி நடக்கவிட்டு, முன்கால் பதித்த தடத்திலோ அதற்கு முன்போ பின்கால் விழுகிறதா என்று கவனியுங்கள். எட்டு எடுத்து வைக்கும் கன்றுதான் பின்னாளில் தாவி ஓடும். திடீரென்று கை தட்டினால் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகும் கன்று பழக்கத்துக்கு வரும். கண்மூடித்தனமாக வேலியில் போய் முட்டுகிற கன்று கூட்டத்தில் ஆளைக் கொல்லும்.

சுழி பார்ப்பவர்கள் நம்மிடம் அதிகம். சுழி விலையை மாற்றும், வேகத்தை மாற்றாது. சுழி சரியில்லை என்று மற்றவர் ஒதுக்கிய நல்ல கால் கன்றை விலை குறைத்து வாங்கிக்கொள்வது பணம் இல்லாதவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பால்பல் விழுந்து முதல் இரண்டு பல் முளைக்க ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதாகும். நான்கு பல் போடும்போது மூன்று வயதை ஒட்டியிருக்கும். நான்கு பல்லுக்கு முன் பந்தயத்தில் விடக்கூடாது. எலும்பும் மூட்டும் முற்றாத கன்றைக் கெட்டித் தரையில் முழு வேகத்தில் ஓடவிட்டால் முன்னங்கால் மூட்டு வீங்கி அதோடு நின்றுபோகும். ஆக, இந்தத் தையில் வாங்கும் ஒரு வயதுக் கன்று ஓடப்போவது இரண்டு தை தள்ளித்தான். அந்த இரண்டு வருடத் தீவனத்துக்கு வழி இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். பேசும்போது வீட்டுப் பெண்களையும் கேட்க வேண்டும். காளைக்குப் பெயர் ஆணுடையதாக இருந்தாலும், தண்ணீர் காட்டுவதும் சாணி அள்ளுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

தீவனக் கணக்கு

முட்டை, பேரீச்சம்பழம், பாதாம் என்று பந்தயக் காளைக்குக் கொடுக்கும் பட்டியல் ஊருக்கு ஊர் நீள்கிறது. இதில் பாதி, வளர்ப்பவரின் ஆசைக்குத்தான். அசைபோடும் மாட்டின் வயிறு புல்லுக்காக அமைந்தது. தானியமும் இனிப்பும் அளவு மீறினால் வயிற்றில் அமிலம் கூடி உப்புசம் கண்டு, மாடு சோர்ந்து படுக்கும். பந்தயத்துக்கு முந்தின வாரம் பாசத்தில் வாளி வாளியாகக் கொள்ளும் வெல்லமும் வைத்துக் காளையைக் கெடுப்பது எல்லா ஊரிலும் நடப்பது.

சுமார் 300 கிலோ எடையுள்ள காளைக்கு ஒரு நாளைக்குப் பசுந்தீவனம் 15 முதல் 20 கிலோ, உலர் தீவனம் 4 கிலோ, அடர்தீவனம் 2 கிலோ போதும். ஒரு வயதுக் கன்றுக்கு அடர்தீவனம் 1 கிலோ. சுத்தமான தண்ணீர் எந்நேரமும் எட்டும்படி இருக்க வேண்டும்.

கடையில் அடர்தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வருடம் தினம் ஒரு கிலோவுக்கு 12,775 ரூபாய், இரண்டாம் வருடம் தினம் இரண்டு கிலோவுக்கு 25,550 ரூபாய். மொத்தம் 38,325. பரிசு கிடைக்குமா என்று தெரியாத காரியத்துக்கு இது பெரிய தொகை. இதைப் பாதியாகக் குறைக்க மலை விவசாயியிடமே சரக்கு இருக்கிறது. பத்து கிலோ கலவைக்கு உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் மூன்றரை கிலோ, கொள்ளு ஒன்றரை கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 2 கிலோ 700 கிராம், தாது உப்பு 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். கொள்ளை வேகவைத்தோ ஊறவைத்தோ சேர்க்கலாம். சொந்தக் காட்டில் விளைந்த கொள்ளும் கம்பும் இருந்தால் வெளியில் வாங்க வேண்டியது புண்ணாக்கும் தாது உப்பும்தான். ஒரு எச்சரிக்கை: சாமை அரவையில் வரும் மேல்தோல் உமி. அதைத் தவிடு என்று நினைத்துக் கலக்கக் கூடாது. வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. சாமைத் தாள் நல்ல உலர் தீவனம்; மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தது மட்டும் வேண்டாம்.

பசுந்தீவனத்துக்குக் கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோ-5 கம்பு நேப்பியர் புல் வைக்கலாம். நல்ல பாசனத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் வரை மகசூல் தருவது அது. அந்தக் கணக்கில் ஐந்து சென்ட் இடம் தினம் 20 கிலோ கொடுக்கும். மலையில் அந்த மகசூலை எதிர்பார்க்காமல் பத்து சென்டாக வைப்பது பாதுகாப்பு. மானாவாரிக்காரர்கள் வேலி ஓரத்தில் வேலிமசாலும் அகத்தியும் வைத்து, மழைக்காலத்தில் தீவனச் சோளமும் காராமணியும் கலந்து விதைக்கலாம். சூபாபுல் தழை பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

காளை தோற்றாலும் தோற்காத வருமானம் ஒன்று உண்டு. தினம் பத்து கிலோ சாணம் என்றால் வருடத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். சாமைக் காட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? இணைசேர்க்கக் கட்டணம் வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலில் கால்நடை உதவி மருத்துவரைப் பாருங்கள். 2019-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்கச் சட்டம் அதற்குப் பதிவைக் கேட்கிறது. கருச்சிதைவு நோய் இல்லை என்ற பரிசோதனையும் அவசியம்.

உடம்பும் பழக்கமும்

ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு நீக்கம் செய்ய வேண்டும். புழு இருக்கும் கன்றுக்கு எதைப் போட்டாலும் அது புழுவுக்குத்தான். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்காலத்துக்கு முன் வருடம் ஒரு முறை. காட்டில் மேயும் மாட்டுக்கு உண்ணித் தொல்லை அதிகம். காதின் உள்பக்கம், வாலடி, கால் இடுக்கு என்று வாரம் ஒரு முறை தடவிப் பார்ப்பது நல்லது. 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை போட்டிருந்தால் தடுப்பூசிப் பதிவும் கையோடு இருக்கும்.

பழக்கத்துக்குக் காசு தேவையில்லை, நேரம்தான் தேவை. ஒன்றரை வயதில் மூக்கணாங்கயிறு. காலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மேட்டில் நடை. ஏரி, குட்டை நிறைந்திருக்கும் காலத்தில் நீச்சல். மூட்டில் பாரம் விழாமல் மூச்சைப் பெருக்குவதற்கு அதைப்போல வேறில்லை. கடலோரக் கர்நாடகத்தில் கம்பளாவுக்குச் சேற்று வயலில் எருமைகளை ஓட்டுகிறார்கள். நம் ஊரிலும் உழுது ஈரமாக்கிய நிலத்தில் வாரம் இரண்டு முறை குறைந்த தூரம் ஓடவிட்டால் பின்தொடை இறுகும். தார்ச் சாலையில் ஓட்டிப் பழக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஓடுவதைவிட நிற்பதற்குப் பழக்குவதுதான் கடினம். கோட்டைத் தாண்டிய காளை கூட்டத்தையும் மேளத்தையும் கண்டு மிரண்டு வயற்காட்டுக்குள் பாயும். அடிவார ஊர்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். எனவே தீவனம் வைப்பவரே மறுமுனையில் நின்று தினமும் ஒரே குரலில் கூப்பிட்டு, வந்ததும் ஒரு கை கொள்ளு கொடுத்துப் பழக்க வேண்டும். பந்தய நாளிலும் அந்த ஆளே அங்கே நிற்க வேண்டும். கூடவே கயிற்றோடு திடமான இருவர். சிறு பிள்ளைகளைத் தடுப்பின் மேல் ஏற்றி உட்காரவைத்து வேடிக்கை காட்டும் அப்பாக்களைக் கண்டால் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

சட்டமும் பந்தய நாளும்

2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது எருது விடும் விழாவும் நின்றது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றையும் சேர்த்தது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் மட்டும் நடத்தலாம். 2023 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆகவே ஆட்சியரின் அனுமதி பெற்ற விழாவில் மட்டுமே காளையை விடுங்கள். அனுமதி இல்லாத ஊரில் ஓட்டி அடிபட்டால் மாட்டுக்கும் வழியில்லை, ஆளுக்கும் வழியில்லை. கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, உரிமையாளர் அடையாள அட்டை, காளையின் புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம். மிளகாய்ப்பொடி, சாராயம், வாலை முறுக்குவது எல்லாம் குற்றம். அப்படிக் கிளப்பிய காளை நேராகவும் ஓடாது. காப்பீடு எடுத்திருப்பவர்கள், பந்தயத்தில் ஏற்படும் காயம் அதில் அடங்குமா என்று ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போளூர்ப் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ இறங்க வேண்டுமானால் மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஆடும். தரையில் வைக்கோலோ மணலோ தடிமனாகப் பரப்பி, தலை முன்பக்கம் இருக்கும்படி கட்ட வேண்டும். இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே வண்டி பேசினால் வாடகை பாதி. நடுவில் மூங்கில் தடுப்பு இல்லாமல் இரண்டு காளைகளை ஏற்றாதீர்கள். முடிந்தால் முந்தின நாளே இறங்கி அடிவாரத்தில் தங்கிவிடுவது நல்லது. ஓடுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே கடைசித் தீவனம் முடிந்துவிட வேண்டும். ஓடி முடிந்ததும் உடனே கட்டிப்போடாமல் கால் மணி நேரம் நடக்கவிட்டு, மூச்சு தணிந்தபின் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். மறுநாள் காலையில் நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். பிளவுக்குள் கல் செருகியிருப்பது ஓடிய அன்றைக்குத் தெரியாது.

முதல் வருடம் இரண்டு மூன்று விழாக்களுக்கு மேல் வேண்டாம். அதிலேயே கன்றின் தரம் தெரிந்துவிடும். பின்தங்கினாலும் வருடா வருடம் நேரம் குறைகிறது என்றால் வைத்திருக்கலாம். பாதித் தெருவில் நின்று திரும்பிப் பார்க்கிற காளைக்கு இன்னொரு வருடத் தீவனம் போடுவது வீண். கால்நடை மருந்தகத்தில் காயடித்து, இரண்டு மாதம் ஓய்வுக்குப் பிறகு ஏரில் பழக்கலாம். டிராக்டர் ஏறாத சரிவு நிலம் ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் இன்னும் ஏராளம். மேட்டில் நடந்து பழகிய உழவு மாட்டுக்கு அங்கே நல்ல விலை உண்டு.