எதிரொலிக்கு அடியில் கபுறுகள்

கர்நாடகத்தின் பீஜப்பூர், 2014 முதல் விஜயபுரா என வழங்கப்பெறுகிறது. ஆதில்ஷாஹி சுல்தான்களின் இத்தலைநகரை ஒரே நாளில் சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் உளர்.

அவர்கள் முதலில் அழைத்துச் செல்வது கோல் கும்பஸுக்கு. 1627 முதல் 1656 வரை ஆண்ட முஹம்மது ஆதில்ஷாவின் அடக்கத்தலம் அது. உள்ளே ஒரு தூண்கூட இல்லை. ஒன்றையொன்று ஊடறுக்கும் வளைவுகளே மாபெரும் குவிமாடத்தைத் தாங்குகின்றன. குறுகிய படிகளேறி மேல்மாடத்தை அடைந்ததும் வழிகாட்டி கைதட்டுவார். ஒலி பலமுறை திரும்பி வரும். சுவரோரம் முணுமுணுத்தது எதிர்ப்புறத்தில் தெளிவாய்க் கேட்கும். பிறகென்ன? பிள்ளைகள் கூவுவர், பெரியவர்களும் கூவுவர். கூடத்தின் நடுவே தெரிபவை அடையாளக் கபுறுகள். மெய்யான கபுறுகள் நிலவறையில் உள்ளன. மேலேறுமுன் அங்கே ஸலாம் உரைத்து, துஆச் செய்யுங்கள். எதிரொலிக்கு ஒரு கைதட்டல் போதாதா?

மாலிக்கே மைதான் பீரங்கிக்குப் பத்து நிமிடம் தாராளம்.

லுஹர் நேரத்தில் ஜாமிஆ பள்ளிவாசலில் இருக்குமாறு வழிகாட்டியிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். இல்லையேல் மிஹ்ராபின் பொன்வண்ணத்தைக் காட்டிவிட்டு வண்டிக்கு விரைந்துவிடுவார். முதலாம் அலீ ஆதில்ஷா 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளி இது. தரையில் ஒருவர் தொழும் அளவிலான கட்டங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றுள் ஒன்றில் நின்று தொழுதுவிட்டுப் புறப்படலாம்.

வெயில் சாயுமுன் இப்ராஹீம் ரவ்ஸாவை அடையுங்கள். அதன் கற்சாளரங்கள் அரபு எழுத்துகளாகவே குடையப்பெற்றவை. ஒளி எழுத்துகளின் இடையே நுழைகிறது. பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.