அரியலூர் மண்ணில் மூன்று மறுப்புகள்

அரியலூர் வட்டாரத்தில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. அந்தக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும். நெருப்பை விட்டு வந்த பிறகும் சூட்டை உள்ளே வைத்திருக்கும் இந்தப் பொருளுக்குப் பண்டைய கிரேக்கர் இட்ட பெயர் 'ஆஸ்பெஸ்டாஸ்'. 'ஸ்பெஸ்டாஸ்' என்றால் அணைக்கப்பட்டது. முன்னால் நிற்கும் 'அ' அதை மறுக்க, 'அணையாதது' என்று பொருளாகிறது.

சுண்ணாம்பின் இந்தப் பெயர் இன்று நாம் அறிந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டுக்குப் போனது ஒரு குழப்பத்தால். தீயில் எரியாத நார்க் கனிமத்தைக் கிரேக்கர் 'அமியாந்தோஸ்' என்றார்கள். அதுவும் மறுப்புச் சொல்தான்: மாசுபடாதது. அந்த நாரில் நெய்த துணியைத் தீயில் போட்டால் அழுக்கு மட்டும் எரிந்து போகும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, சுண்ணாம்புக்கு உரிய பெயரை நாருக்குச் சூட்டி எழுதினார். ஆங்கிலம் அவர் வழியே போனது. கிரேக்க நாட்டில் இன்றும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புதான் 'அஸ்வேஸ்டிஸ்'.

இந்த 'அ' நமக்கும் அறிமுகமானதே. நியாயம் அநியாயம் ஆவதும், சுத்தம் அசுத்தம் ஆவதும் வடமொழி வழியே வந்த இதே முன்னொட்டால்தான். தமிழின் சொந்த வழக்கம் வேறு. 'நீறாத', 'அணையாத' என்று வினைச்சொல்லின் பின்பகுதியிலேயே மறுப்பை வைத்துவிடும். கிரேக்கம், சமஸ்கிருதம் இரண்டிலும், உயிரெழுத்துக்கு முன் 'அ' என்பது 'அன்' ஆகிவிடும். அதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பெரம்பலூர் மாவட்டம் காரையில் களிமண்ணுக்கு இடையே ஜிப்சம் படிந்து கிடக்கிறது. ஜிப்சத்தில் உள்ள நீர் முழுவதும் நீங்கிய கனிமத்துக்கு 'அன்ஹைட்ரைட்' என்று பெயர்: நீரற்றது. கிரேக்கத்தில் 'ஹ' தனி எழுத்தல்ல, உயிரோடு சேர்ந்த மூச்சொலி; அதனால்தான் இங்கும் 'அன்'.

அடுத்தது லத்தீன் தந்த 'இன்'. பிரெஞ்சு விஞ்ஞானி லமார்க் 1801-இல் முதுகெலும்பில்லா விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அவற்றைத் தனிப் பிரிவாக்கினார். 'இன்வெர்ட்டிபிரேட்' என்ற பெயர் அப்படிப் பரவியது. கேய், கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் புதைபடிவங்களைத் திரட்டினார்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கிடைத்தவை அவை. அவற்றை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவையே.

மூன்றாவது, ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான 'அன்'. ஊட்டத்தூர், காரைப் பக்கம் பல இடங்களில், சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள கடல் படிவங்கள் மிகப் பழைய கருங்கல் பாறைமேல் நேராக அமர்ந்திருக்கின்றன. நடுவே நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்குப் பாறைச் சான்றே இல்லை. இத்தகைய இடைவெளியை 1788-இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் ஜேம்ஸ் ஹட்டன் கண்டு விளக்கினார். அதற்கு 'அன்கன்ஃபார்மிட்டி' (பொருந்தாமை) என்ற பெயரைத் தந்தவர் ராபர்ட் ஜேம்சன், ஆண்டு 1805. சொல்லின் உடல் லத்தீன், தலை ஆங்கிலம்.

கிரேக்க 'அ', லத்தீன் 'இன்', ஆங்கில 'அன்', வடமொழி 'அ' நான்கும் இந்தோ-ஐரோப்பியத் தொல்மொழியின் ஒரே மறுப்பொலியிலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர் முடிவு. பிரிந்தவை ஆங்கிலத்தில் மீண்டும் ஒன்றாகக் குடியேறியதால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி. சமமற்றது என்பதற்கு 'அன்ஈக்வல்'; சமமின்மை என்று பெயர்ச்சொல்லாக்கினால் 'இன்ஈக்வாலிட்டி'. முன்னது ஆங்கிலேயர் தங்கள் முன்னொட்டை ஒட்டிச் செய்தது. பின்னது பிரெஞ்சு, லத்தீன் வழியே முழுச்சொல்லாகவே வந்து சேர்ந்தது.