காயலில் செத்த குதிரைக்கும் விலை உண்டு

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்த பழைய காயல், 13-ஆம் நூற்றாண்டில் முத்துக்கு மட்டுமல்ல, குதிரைக்கும் பேர்போன துறைமுகம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் அங்கே நடந்த வணிகத்தின் நிபந்தனையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார்: ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 தினார், கடல்வழியில் செத்தாலும் அரசுக் கருவூலம் விலையைக் கொடுத்துவிடும். கரையேறியவையும் நிலைக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டன என்கிறார் மார்க்கோ போலோ. லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி! போலோ கூட்டிச் சொல்பவர், வெக்கையும் ஒவ்வாத தீனியுமே குதிரைகளைக் கொன்றிருக்கும் என்று வாதிடலாம். அவரே தட்பவெப்பத்தையும் குறை சொல்கிறார். ஆனால் வஸ்ஸாஃப் சொல்லும் நிபந்தனை ஒன்றே போதும். குதிரையின் சாவால் விற்றவனுக்கு நட்டமில்லை என்றால், அதைக் காப்பாற்ற அவனுக்கு என்ன அவசரம்?

சென்னை கிண்டியின் குதிரைப் பந்தயத்தையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974-இல் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம் என்றது. அங்கே வழக்கு சூதாட்டம் பற்றியது, குதிரையின் வலி பற்றியதல்ல. பந்தயத்தில் நேர்மை என்றாலும் பணம் கட்டியவனுக்கான நேர்மையே முதலில் நினைவுக்கு வருகிறது. ஊக்கமருந்துச் சோதனை அதற்காக வந்ததுதான். நொண்டலை மறைக்கும் வலிமருந்தையும் அது பிடிப்பதால் குதிரைக்கும் கொஞ்சம் நன்மை. சவுக்கு விஷயத்தில் அந்தத் தற்செயல் நன்மையும் இல்லை. ஓடுவதற்கென்றே வளர்த்த இனம் என்பார்கள், அப்படியானால் அடிப்பானேன்? பிரிட்டனில் தடை தாண்டாத ஓட்டத்தில் 6 அடிக்கு மேல் கூடாது. நார்வேயில் விரட்டுவதற்காக அடிக்கவே கூடாது, பந்தயம் நின்றுவிடவில்லை.

லட்சக்கணக்கில் செலவழித்து, மனிதருக்கும் கிடைக்காத கவனிப்பைக் கொடுக்கிறோம் என்பது உரிமையாளர்களின் பதில். லாயத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரையின் ஓட்டம் சில ஆண்டுகளில் முடிகிறது. ஆயுளோ 25 ஆண்டு வரை போகும். மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு? நல்ல மனம் படைத்த உரிமையாளர் கிடைத்தால் சரி என்று விடுவது ஏற்பாடாகாது. பந்தயத் தொகை முழுவதற்கும் 2023 அக்டோபரில் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. பணம் கட்டும்போதே அவ்வளவு வரி பிடிக்க முடிந்ததென்றால், குதிரையின் பெயரில் ஒரு விழுக்காட்டைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அது ஓய்வு பெற்றபின் எங்கே இருக்கிறது என்று ஆண்டுதோறும் பதிவு செய்ய வைப்பதும் முடியும்.