உயிர் குடிக்கும் ஒரு 'ம்'!

எத்தனால், மெத்தனால்.

இந்த இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில்தான் வித்தியாசம். 'எ' மீது ஒரு 'ம்' ஏறி, 'மெ' ஆகியிருக்கிறது. இந்த 'ம்' பல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது!

மூன்று துண்டுகள்

மெத்-அன்-ஆல் என்று பிரிக்க வேண்டும். சேர்த்து எழுதினால், பள்ளியில் படித்த புணர்ச்சி விதிப்படியே 'த்' இரட்டித்து, 'மெத்தனால்' ஆகிறது.

'மெத்' என்றால் கரி அணு ஒன்று. 'எத்' என்றால் இரண்டு. அணுக்கள் ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்திருப்பதைச் சொல்வது 'அன்'. 'ஆல்' என்பது ஆல்கஹாலின் வால்.

இந்த வால் அரபு மொழியிலிருந்து வந்தது. 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் மை! நுணுக்கிய மைத்தூளின் பெயர், பிறகு வடித்தெடுத்த சாரத்துக்கு ஆகி, கடைசியில் சாராயத்துக்கு வந்து சேர்ந்தது.

தலையோ கிரேக்கம். மரத்தை மூடிய கலத்தில் சுட்டு வடித்த 'மரச்சாராய'த்தை, 1834-ல் தூமா, பெலிகோ என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கிரேக்கத்தில் மதுவுக்கு 'மெது' என்று பெயர், மரத்துக்கு 'ஹூலே'. இரண்டையும் சேர்த்து 'மெத்திலீன்' என்றார்கள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'மது'வும் அதே வேரில் கிளைத்ததுதான்.

கண்ணைப் பறிக்கும்

மதுவில் போதை தருவது எத்தனால். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. இரண்டுக்கும் நிறம் கிடையாது. குடிப்பவனுக்கு நாக்கிலும் மூக்கிலும் வேற்றுமை தெரியாது.

வயிற்றுக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் உடைக்கிறது. கடைசியில் ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. எறும்பின் விஷத்தில் இருக்கும் அதே அமிலம்! அது கண் நரம்பைத் தாக்குகிறது. கண் மையின் பெயரை வாலில் வைத்துக்கொண்டு, கண்ணையே பறிக்கிறது.

முதலில் வெறும் போதைதான் தெரியும். அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் வரும். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதற்கு மருந்து? ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில், டாக்டர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள்! கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். அந்த அவகாசத்தில் மெத்தனால் உடையாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். டயாலிசிஸ் செய்து ரத்தத்தையும் சுத்தம் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய காரியம் இது. வீட்டில் பாட்டிலைத் திறந்து ஊற்றினால் ஆபத்து இரட்டிப்பாகும்.